மௌனத்துக்கு என்ன பேட்டரி

நவம்பர். ஓலுவில் மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
அடுக்ககத்தின் அடித்தளம், துணி உலர்த்தும் அறை.
யாருடையதோ ஒரு போர்வை
தலைக்கு மேல் சொட்டிக்கொண்டிருக்க
கீழே என் வரைபடம், பகடைகள்,
ஒரு தட்டு ஏலக்காய் ரொட்டி.

ஆட்டத்தை நடத்துபவன் நான்.
பாதாளம் என்னுடையது, எலும்புக்கூடுகள் என்னுடையவை,
விதிப்புத்தகத்தின் காபிக்கறையும்
என்னுடையதுதான்.

"என் ஆளுக்கு மந்திரம் வேண்டாம்,
ஒரு பை போதும்" என்றாள் சைமி.
லிஃப்ட் பழுதுபார்ப்பவள்.
நான் தீக்கோளம் என்று அச்சடித்த இடத்தில்
பென்சிலால் எழுதியிருந்தாள்:
தகரக் குப்பி, மண்ணெண்ணெய், ஸ்பிரிங், சிக்கிமுக்கிச் சக்கரம்.
இறகுபோல் விழுதல் என்ற இடத்தில்:
கப்பி, எதிர் எடை, கொஞ்சம் கிரீஸ்.

மந்திரத்தில் விழாத மாங்காய்
ஸ்பிரிங்கில் விழுமா?

புத்தகத்தைக் கேட்டால் விழும்.
பெயரை மாற்று, கணக்கை மாற்றாதே என்கிறது அது.
தீக்கோளத்துக்கு எட்டுப் பகடை,
குப்பிக்கும் எட்டுத்தான்.
மந்திரவாதி களைக்கும் நேரத்தில்
இவளுக்கு ஸ்பிரிங் தீர்ந்துபோகும், அவ்வளவே.

இருந்தும் நான் விடவில்லை.
எப்படிப் பற்றும்? மழையில் நனைந்தால்?
பைக்குள்ளேயே வெடித்தால்?
பக்கத்தில் தபால்காரன் யல்மரி
தன் மந்திரவாதிக்காக மூன்று அசை முணுமுணுத்தான்.
கோட்டைச் சுவர் வெண்ணெயாய் உருகியது.
அவனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.
"அவன் மட்டும் ரசீது காட்ட வேண்டாமோ?"
என்றாள் இங்கெரி, ரொட்டியைப் பிய்த்தபடி.

நான்காம் நிலவறையில் பாடும் பிசாசு.
கேட்டவர் வாளைக் கீழே போடுவார்.
யல்மரிக்கு ஐந்து விழுந்தது. ஓர்வோவுக்கு மூன்று.
இங்கெரியின் பகடை மேசையை விட்டே ஓடியது.

சைமி தாளைப் புரட்டினாள்.
மௌனம் என்ற மந்திரத்துக்கு எதிரே
பென்சில் படவே இல்லை.
"கருவி என்ன?" என்றேன், பழக்கதோஷம்.
"பேட்டரியா? சாவியா?"

வலது காதுக்குப் பின் முடியை ஒதுக்கினாள்.
காந்தம் விடுபடும் சின்ன 'டக்'.
வயரோடு, வட்டத் தகட்டோடு
பாதாளத்தின் நட்டநடுவில்
எலும்புக்கூடுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.
"இதுதான்" என்றாள்,
தேவைக்குச் சற்று மேலான குரலில்.
"இருபதடிக்கு."

போர்வை சொட்டுவது
அப்போதுதான் எனக்குக் கேட்டது.

மௌனத்துக்குள் யாரும் யாரையும் கேட்க முடியாது,
எல்லோருக்கும் இரண்டு புள்ளி குறையும் என்று
விதியை வாசித்துக்கொண்டே போனேன்.
சைமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
என்னை அல்ல, எனக்கு முன்னால் நின்ற
மறைப்பு அட்டையை.
பதினோரு வருடமாய் அதன் பின்னால்தான் பேசுகிறேன்,
பதினோரு வருடமாய் அதன் பின்னால்தான் உருட்டுகிறேன்,
உருட்டியதை எப்போதும் உள்ளபடி சொன்னதில்லை.

அதற்குள் அவள் கைகள் தொடங்கிவிட்டன.
இரண்டு விரல் இடப்பக்கம், மூடிய முட்டி, விரித்த உள்ளங்கை.
லிஃப்ட் குழியில் பேசும் பேச்சு.
காகித ஆலையில் முப்பது வருடம்
எந்திர இரைச்சலில் நின்ற ஓர்வோ
தலையாட்டிவிட்டு
தன் பொம்மையைத் தூணுக்குப் பின் நகர்த்தினார்.
பதிலுக்கு ஒரு கட்டைவிரல்.
இத்தனை சனிக்கிழமைகளில்
இவர்கள் இருவரும் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

பிசாசின் முறை.
அட்டையை மடித்துக் கீழே வைத்தேன்.
"உருட்டுகிறேன்" என்றேன்,
உதடு தெரிய, மெதுவாக.
"மீசையை வெட்டு" என்றாள்.

எல்லோர் கண்முன்னும் உருண்டது.
இருபது முகத்தில்
இரண்டு.